மிருதங்கத்தின் கரணை: கணித இயற்பியலைப் பொது வாசகருக்குச் சொல்லும் வழி

வட்டமாக இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் ஓசை வரும். திட்டமான சுரம் வராது. உலகின் பெரும்பாலான தோற்கருவிகளுக்கு இது பொருந்தும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், இதற்கு விலக்கு. அதில் அடித்தால் ஆதார சட்ஜம் கேட்கிறது. பாடுபவரின் சுருதியோடு அது சேர்ந்து நிற்கிறது. ஒரே இயற்கை விதிக்குக் கட்டுப்பட்ட இரண்டு தோல்களில் ஒன்று சுரம் தருவதற்கும் மற்றது தராததற்கும் காரணம் என்ன என்பது கணித இயற்பியலின் கேள்வி. ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் வட்டத் தோலின் அதிர்வைச் சமன்பாடாக எழுதினார். ராலே 1877இல் வெளிவரத் தொடங்கிய தம் ஒலியியல் நூலில் அதை விரிவாக்கினார். சி.வி.ராமன் 1920இலும் 1934இலும் மிருதங்கத்தையும் தபலாவையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். 2009இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து அதே பொருளில் ஒரு கட்டுரை வந்தது. கடினமான ஓர் ஆய்வுத் துறையைப் பொது வாசகருக்கு எப்படித் திறந்துவிடலாம் என்று பார்க்க, தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் தனி உரிமை உண்டு. விராலிமலை சண்முகநாதர் கோயிலைச் சார்ந்து வளர்ந்த சதிராட்டத்தின் கடைசித் தலைமுறைக் கலைஞரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மிருதங்க வாசிப்பில் புதுக்கோட்டை பாணி என்று தனியே சொல்லப்படும் மரபு மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. ராமன் பிறந்த திருவானைக்காவல், விராலிமலையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஆகவே இந்த ஊர்ப்பக்கத்து வாசகருக்கு ஆய்வின் பொருள் முன்பே தெரியும். அவர் காதுக்கு அது பழக்கம். எட்டாமல் இருப்பது ஆய்வு மட்டும்தான்.

விளக்கத்தைத் தந்தியிலிருந்து தொடங்குவது நல்லது. இரு முனையிலும் கட்டுண்ட தம்பூராத் தந்தி முழுவதும் ஒரே வளைவாக அதிரலாம். இரண்டு சம பாதிகளாகப் பிரிந்து, நடுப்புள்ளி அசையாமல் நிற்கவும் அதிரலாம். மூன்றாக, நான்காகப் பிரிந்தும் அதிரலாம். முனைகள் அசையக் கூடாது என்ற ஒரே நிபந்தனையால், தந்தியின் நீளத்துக்குள் முழு எண்ணிக்கையில்தான் வளைவுகள் அடங்க முடியும். அதனால் அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்ற விகிதத்தில் அமைகின்றன. இவை ஒன்றாக ஒலிக்கும்போது காது அவற்றைத் தனித்தனியே பிரிப்பதில்லை. மேற்சுரங்கள் செறிந்த ஒரே சுரமாகக் கேட்கிறது. இசையொலியின் இந்த இலக்கணத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களில் ஒன்றாக ராமன் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தோலுக்கு வரும்போது விதி மாறுவதில்லை; வடிவம் மாறுகிறது. தோலின் ஒரு புள்ளி, தன்னைச் சுற்றியிருக்கும் புள்ளிகளின் சராசரி உயரத்தைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு மேல்நோக்கி இழுக்கப்படும். உயர்ந்திருந்தால் கீழ்நோக்கி இழுக்கப்படும். தோல் விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தால் இந்த இழுப்பு கூடும். அந்த இடத்தில் தோல் கனமாக இருந்தால் அசைவு மந்தமாகும். விளிம்பு மட்டும் அசையாது. அலைச் சமன்பாடு என்று பாடநூல்களில் குறியீடுகளால் எழுதப்படுவதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். குறியீட்டை அகற்றினாலும் விதியின் எந்தப் பகுதியும் விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொது வாசகருக்கு எழுதுகிறவர் பலர் இந்த இடத்தில் விதியையே கைவிட்டு, அதன் வியப்பை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். வாசகருக்கு அது பெரிய இழப்பு. விதி கையில் இருந்தால்தான் அடுத்து வருவதை அவரே எதிர்பார்க்க முடியும்.

நடுவிலிருந்து கிளம்பும் அலை வட்டத்தில் வெளியே போகப்போகப் பரந்து மெலிகிறது. தந்தியில் ஓடும் அலை அப்படி மெலிவதில்லை. ஆகவே வட்டத் தோலில் அசையாக் கோடுகள் சம இடைவெளியில் விழுவதில்லை. அவை எங்கே விழும் என்பதைப் பெஸ்ஸல் சார்புகள் என்னும் கணிதச் சார்புகள் சொல்கின்றன. நடுவைச் சுற்றிச் சமச்சீராக அதிரும் முறைகளுக்கு, அதிர்வெண்களைத் தீர்மானிக்க அந்தச் சார்புகள் தரும் எண்கள் 2.405, 5.520, 8.654 என்று போகும். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் முதலில் 3.115, பிறகு 3.134, மேலே போகப்போக அது பை (π) என்ற எண்ணின் மதிப்பை நெருங்கும். அதாவது தொலைவில் தந்தியின் ஒழுங்கு திரும்பி வருகிறது. சுரத்தைத் தீர்மானிக்கும் தொடக்க எண்களில் அது இல்லை. விட்டத்தின் குறுக்கே ஒரு கோடு அசையாமல் நிற்க, இரு பாதிகளும் எதிரெதிராக அதிரும் முறைக்கு எண் 3.832. இரண்டு விட்டங்கள் அசையாதிருக்கும் முறைக்கு 5.136. முதல் எண்ணை 1 என்று வைத்தால், சீரான தோலின் அதிர்வெண்கள் 1, 1.593, 2.136, 2.295, 2.653, 2.917 என்று வரிசைப்படும். இவற்றில் ஒரு முழு எண்கூட முதலுக்குப் பிறகு இல்லை. வெறும் தோல் ஏன் சுரம் தராது என்பதற்கு இந்த வரிசையே விடை.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறது. கரணை என்றும் சோறு என்றும் அதைச் சொல்வார்கள். கிட்டான் கல் என்னும் இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகத் தோலில் இட்டு, காய்வதற்குள் கல்லால் தேய்த்து, அதன்மேல் அடுத்த பூச்சு இட்டு, மறுபடி தேய்த்து என்று பல அடுக்குகளாக அது வளர்கிறது. தேய்க்கும்போது பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. அந்த வெடிப்புகள் குறையல்ல. அவை இல்லாமல் பூச்சு ஒரே வில்லையாக இறுகிவிட்டால் தோல் அங்கே வளையாது. கனம் கூட வேண்டும், விறைப்பு கூடக் கூடாது என்ற இரட்டைத் தேவையை மிருதங்கம் செய்பவர்களின் கை நிறைவேற்றுகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவரும் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். சமன்பாடு எழுதியவர்களின் பெயர்கள் பாடநூலில் நிற்க, தோலைக் கையாண்டு விடையைக் கண்டவர்களின் பெயர்கள் நெடுங்காலம் எங்கும் எழுதப்படாமல் போனது நியாயமன்று.

நடுவில் கனம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன விதியிலிருந்தே காணலாம். முழுத் தோலும் ஒன்றாக எழுந்து தாழும் அடிப்படை அதிர்வில் நடுப்பகுதிதான் மிக அதிகமாக அசைகிறது. கனமான கரணை அதை வெகுவாக மந்தப்படுத்தும். விட்டக் கோடு அசையாதிருக்கும் அதிர்விலோ நடுப்புள்ளி அசைவதே இல்லை. அதைச் சுற்றிச் சிறிதே அசைகிறது. ஆகவே கரணையின் சுமை அந்த முறைக்கு அவ்வளவாக உறைக்காது. அடிப்படை அதிர்வெண் நன்றாக இறங்க, இரண்டாவது கொஞ்சமே இறங்குகிறது; அவற்றின் விகிதம் 1.593இலிருந்து ஏறுகிறது. கரணையின் அகலமும் கனமும் சரியாக அமைந்தால் அது 2இல் வந்து நிற்கும். 2.136, 2.295 என்ற இரண்டும் ஏறி 3ஐ ஒட்டி ஒன்றுசேர்கின்றன. எல்லா அதிர்வுகளையும் ஒரே அளவில் இறக்கினால் விகிதங்கள் மாறியிருக்க மாட்டா. சுமை நடுவில் இருப்பதும், ஒவ்வோர் அதிர்வும் நடுவை வெவ்வேறு அளவில் பயன்படுத்துவதும்தான் வித்தையின் இருப்பிடம்.

இதைச் சோதனையால் காட்டியவர் ராமன். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். விரிவான கட்டுரை 1934இல், அவர் பெங்களூரில் அந்த ஆண்டே தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ் முதல் தொகுதியில் வந்தது. தோலின் மேல் நுண்மணலைத் தூவி அதிரச் செய்தால், அசையும் இடங்களிலிருந்து மணல் விலகி அசையாக் கோடுகளில் திரளும். இப்படிக் கிடைத்த வடிவங்களைக் கொண்டு அவர் ஒன்பது அதிர்வுமுறைகளை இனங்கண்டார். அந்த ஒன்பதும் ஐந்தே அதிர்வெண்களில் அடங்கின: முதலாவதிலும் இரண்டாவதிலும் ஒவ்வொன்று, மூன்றாவதிலும் நான்காவதிலும் இரண்டிரண்டு, ஐந்தாவதில் மூன்று. சீரான தோலில் ஒன்பது வெவ்வேறு எண்களாகச் சிதறியிருக்க வேண்டியவை, கரணையிட்ட தோலில் 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குள் வந்து சேர்ந்தன. தந்தியின் ஒழுங்கை ஒரு தோல் பெற்றுவிட்டது.

வாசிப்பவரின் விரல்களும் இந்தக் கணக்கில் பங்கு பெறுகின்றன. ‘நம்’ என்ற சொல்லை வாசிக்க, மோதிர விரல் கரணையின் ஓரத்தில் மெல்லத் தொட்டபடி நிற்க, ஆள்காட்டி விரல் மீட்டில், அதாவது விளிம்பையொட்டிய தோல் வளையத்தில், அடிக்கிறது. விரல் தொட்ட இடம் அசைய முடியாது. எனவே அந்த இடம் அசைந்தே தீர வேண்டிய அடிப்படை அதிர்வு அடங்கிப்போகிறது. அங்கே அசையாக் கோடு செல்லும் அதிர்வுகள் மட்டும் தெளிவாக ஒலிக்கின்றன. மிருதங்கம் கற்கும் சிறுவர் இதை முதல் மாதத்திலேயே கையால் அறிந்துகொள்கிறார்கள். கரணை ஓரத்திலிருந்து மோதிர விரலை எடுத்துவிட்டு அதே அடியை அடித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே கேட்கும். கணித இயற்பியலில் ஒரு கருத்தை இவ்வளவு சுலபமாக வாசகரே சரிபார்க்க முடிவது அபூர்வம்.

ராமனின் முடிவு சோதனை முடிவு. ஏன் அந்த எண்கள் என்பதற்குக் கணக்கு 1954இல்தான் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் தோலை இரண்டு பகுதிகளாக எடுத்துக்கொண்டார்கள்: நடுவில் கனமான வட்டம், வெளியே இலேசான வளையம். நடுவட்டத்தின் ஆரம் முழு ஆரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருக்கும்போது அதிர்வெண்கள் முழு எண் விகிதங்களை நெருங்கின, முழுவதும் ஒத்துப்போகவில்லை. நிஜக் கரணையோ ஓரத்தில் திடீரென்று முடிவதில்லை. அடுக்குகள் சிறுத்துக்கொண்டே போய் ஓரம் மெலிந்திருக்கும். 2009இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஜி.சதேஜும் ஆர்.அதிகாரியும் வெளியிட்ட கட்டுரை இதைக் கணக்கில் கொண்டது. கனம் நடுவிலிருந்து வெளியே சீராகக் குறைந்து செல்வதாகக் கொண்டு கணினியில் கணித்தபோது, அளந்தறிந்த அதிர்வெண்களோடு விடைகள் மிக நன்றாக ஒத்துப்போயின. ஓரத்தை மெலிய விடும் கைப்பழக்கத்துக்கு இயற்பியல் காரணம் உண்டு என்பதைக் கணக்கு 2009இல் கண்டுகொண்டது.

இவ்வளவையும் சொல்ல எதைக் கைவிட நேர்ந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. பெஸ்ஸல் சார்புகளை வருவிக்கும் முறை கைவிடப்பட்டது. அந்தச் சார்புகள் தரும் எண்கள் கைவிடப்படவில்லை. 2009 கட்டுரையின் கணிப்பு உத்திகள் கைவிடப்பட்டன. முந்தைய மாதிரி எங்கே பிசகியது என்பது கைவிடப்படவில்லை. பொது வாசகருக்கு எழுதும்போது தேர்வு இப்படித்தான் அமைய வேண்டும். கேள்வி, விதி, எண், பிசகு ஆகிய நான்கும் இருந்தால் வாசகர் ஆய்வைப் பின்தொடர முடியும். எண்களைக் கண்டு வாசகர் ஓடிவிடுவார் என்ற அச்சம் தமிழ் அறிவியல் எழுத்தில் அளவுக்கு மீறி இருக்கிறது. சினிமா வசூலையும் கிரிக்கெட் சராசரியையும் தசமப் புள்ளியோடு படிக்கிறவர்கள் 1.593ஐயும் படிப்பார்கள், அது எதற்கு என்று சொல்லப்பட்டால். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற பெருமிதப் பேச்சும் இதே அளவுக்குத் தீங்கானது. கரணையைக் கண்டவர்கள் காதால் கண்டார்கள். அது உயர்ந்த அறிவு. பெஸ்ஸல் சார்பு வேறு வகை அறிவு. ஒன்றை மற்றொன்றாகச் சொன்னால் இரண்டையும் புரிந்துகொள்ள முடியாமல் போகும்.

உயர்ந்த கணிதத்தைப் பொதுவில் வைக்க முயன்றவர்களிடையே அளவுகோல்கள் வெவ்வேறாக இருந்திருக்கின்றன. ராமனின் அண்ணன் மகனான எஸ்.சந்திரசேகர் தம் இறுதி ஆண்டுகளை நியூட்டனின் ‘பிரின்சிபியா’வுக்கு விளக்கம் எழுதுவதில் செலவிட்டார். அவர் மறைந்த 1995ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அந்தப் பெருநூலின் தலைப்பு அதைச் சாதாரண வாசகருக்கானது என்கிறது. நியூட்டனின் தேற்றங்களை முதலில் தாமே இன்றைய முறையில் நிறுவிப் பார்த்து, பிறகு நியூட்டனின் நிறுவலோடு ஒப்பிட்டு அவர் எழுதினார். வடிவியலும் நுண்கணிதமும் நன்கு பயின்றவரால்தான் அதைத் தொடர முடியும். ஆனாலும் அதில் ஒரு நேர்மை உண்டு: வாசகருக்காக ஒரு படியும் மறைக்கப்படவில்லை. போலந்தில் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளர் மார்க் காட்ஸ் 1966இல் வேறு வழியில் போனார். ஒரு முரசின் ஓசையை மட்டும் கேட்டு அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக்கினார். கேள்வி பள்ளி மாணவருக்கும் புரியும். அதன் பின்னால் இருக்கும் கணிதம் ஆழமானது. முடியாது என்ற விடையை கோர்டன், வெப், வோல்பெர்ட் ஆகிய மூவர் 1992இல் கண்டார்கள். அதிர்வெண்கள் அனைத்தும் ஒன்றாக இருந்தும் வடிவம் வேறான இரண்டு முரசுகளை அவர்கள் அமைத்துக் காட்டினார்கள். அந்தப் பலகோண உருவங்களை யாரும் தாளில் வரைந்து பார்க்கலாம். கேள்வியை வாசகர் தம்முடையதாக ஆக்கிக்கொள்ளும்படி எழுதிய காட்ஸின் வழி, பொது எழுத்துக்கு மேலான முன்மாதிரி.

ஆய்வைப் பொதுவில் வைப்பது மட்டும் போதாது என்பதற்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பழைய சான்று இருக்கிறது. குடுமியான்மலைப் பாறையில் ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு உள்ளது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு கிராம ராகங்களுக்குரிய சுரக்கோவைகள் நான்கு நான்காக வெட்டப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியாரின் மாணவரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்வித்ததாக அதுவே கூறுகிறது. பாறை எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் சுரங்களை எப்படிப் பாடுவது, எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் எதைக் குறிக்கின்றன என்பவை ஆசிரியர் வாய்மொழியில் இருந்தவை. அந்தத் தொடர்ச்சி அறுந்ததும் குறியீடு தனியே நின்றுவிட்டது. அறிஞர்கள் 1904இல் அதைக் கண்டெடுத்த பிறகு இன்றுவரை விவாதம் முடியவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகள் பலவும் பொது வாசகருக்கு இந்த நிலையில்தான் இருக்கின்றன.

தமிழில் இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் உண்டு. பெ.நா.அப்புசாமி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் இயற்பியலைத் தமிழில் எழுதினார். கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கி, பின்னர் சிறுவர்களுக்காகத் ‘துளிர்’ இதழை வெளியிட்டது. 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் நிறுவிய சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிலர் இந்த இயக்கத்தில் நேரடியாக உழைத்தார்கள். 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்திலும் அறிவியல் இயக்கத்தினர் பங்கேற்றார்கள். எழுதப் படிக்கக் கற்றதோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்ற இயக்கம் அது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று விராலிமலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் இயற்பியல் படிக்கிறார்கள். அலைகள் பாடத்தில் தந்தியும் காற்றுக்குழலும் வருகின்றன, தோல் வருவதில்லை. உள்ளூர்க் கருவியை வைத்து அந்தப் பாடத்தை நீட்டிக்க ஆசிரியருக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலிகள் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலையை அடித்துப் பதிந்தால், திரையில் உச்சிகள் ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்கும். அடுத்துக் கஞ்சிராவை எடுத்துக்கொள்ளலாம். அதில் கரணை கிடையாது. தவிலின் வலந்தலையிலும் கிடையாது. உச்சிகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் நிற்பதைக் காணலாம். முதல் இரண்டு உச்சிகளின் விகிதத்தைக் கணக்கிட்டால் 1.593க்கு அருகில் ஓர் எண் வரலாம். அதுவே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மேலே சொன்ன விதியில் தோலைச் சூழ்ந்த காற்று சேர்க்கப்படவில்லை. அதிரும் தோல் தன்னோடு காற்றையும் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை கீழ்நிலை அதிர்வுகளை அதிகமாக மந்தப்படுத்துகிறது. மேற்கத்திய டிம்பனி முரசு கரணை இல்லாமலே ஓரளவு சுரம் தருவதற்கு இதுவே முக்கியக் காரணம். தோலின் விறைப்பு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டாலும் விகிதம் மாறும். கஞ்சிராவின் தோலில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்கும்போது இழுவிசையும் கனமும் சேர்ந்தே மாறுகின்றன. தடவுவதற்கு முன்னும் பின்னும் விகிதத்தை அளந்து ஒப்பிட்டால், நீர் தோல் முழுவதும் சீராகப் பரவியதா, நடுவில் மிகுதியாகத் தங்கியதா என்பதை அந்த எண்களிலிருந்தே ஊகிக்க முடியும்.